ஒன்பதாம் எண் ஏப்பம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினோரு பேர் வேலை பார்த்தோம். மாடு அறுக்கும் மாட்டுத்தொட்டிக்குப் போய் மாட்டுத் தொண்டை வாங்கிவர அதில் ஒருத்திதான் கிடைத்தாள். நான்.

"அஞ்சுகம், உனக்கு இதெல்லாம் பழக்கம்தானேம்மா" என்றார் இயக்குநர் டாக்டர் விஸ்வேஸ்வரன். எதெல்லாம் என்று அவர் சொல்லவில்லை. என் விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'தோல் பதனிடுபவர்' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை நன்றாகவே படித்திருக்கிறார். அதற்குக் கீழே இருந்த தங்கப் பதக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

வாரம் இரண்டு நாள் ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் வருவேன். ஒருமுறை கண்டக்டர் பெட்டியைத் தட்டிக் கேட்டார்.

"இன்னாம்மா இதுல?"

"தொண்டை."

"யாருது?"

நான் டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினேன். அன்றைக்கு எனக்கு இரண்டு பேர் உட்காரும் சீட்டு முழுசாகக் கிடைத்தது.

ஆய்வு எதைப் பற்றி என்று முதன்முதலில் ஒழுங்காகக் கேட்டது என் அம்மாதான். பெயர் தனகோட்டி. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஷூவின் மேல்தோல் தைக்கிறாள். விடுமுறைக்குப் போயிருந்தபோது மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"தொண்டையில படிக்கிறதுக்கு இன்னாடி கீது?"

"நீ முழுங்குற வரைக்கும்தாம்மா சோறு உன் பேச்சக் கேக்கும். தொண்டையத் தாண்டி நாலு விரக்கட போயிட்டா அப்பால கேக்காது. அங்க இருக்கிற சதை வேற. தானா தள்ளிகினு போயிடும். நிறுத்துன்னாலும் நிக்காது, திரும்புன்னாலும் திரும்பாது."

"மாட்டுக்கு?"

"மாட்டுக்கு வாயிலேர்ந்து வயிறு வரைக்கும் மொத்தமும் அது இஷ்டம். வேணும்னா மேல கொண்டாந்து அசபோடும்."

"மாட்டுக்கு இருக்கிற உரிம நமக்கு இல்லன்ற."

"அதத்தான் குடுக்கப் போறோம். மாட்டுச் சதையோட அணுவ எடுத்து மனுசன் உணவுக்குழாயில வளக்குறது. அதுகூட புறாவுக்கு நெஞ்சுல தீனிப்பை இருக்குமே, அந்த மாதிரி ஒரு பை. காலையில ஒருதரம் சாப்ட்டு பையில வெச்சிக்கலாம். நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேல கொண்டாந்து மென்னுக்கலாம்."

அம்மா கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள். "ருசி இருக்குமா?"

"இருக்கும். வயித்துக்குப் போறதுக்கு முன்னாடியே பை இருக்கிறதால புளிக்காது."

"அப்ப மீன் கொழம்ப ரெண்டுவாட்டி சாப்பிடலாம். நல்ல படிப்புதாண்டி." பிறகு சிரித்தாள். "பகலெல்லாம் மாட்டுத் தோல தெச்சிகினு கீறேன். இனிமே தொண்டையும் மாட்டுதா?"

நானும் நல்ல படிப்பு என்றுதான் நம்பினேன். விழுங்க முடியாத நோயாளிகளுக்காக என்று நானே மூன்று பத்தி எழுதிக் கொடுத்தேன். திட்ட அறிக்கை அச்சாகி வந்தபோது அது கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. முதல் பக்கத்தில் 'தடையற்ற பணி நேரம்' என்று இருந்தது. மாடு என்ற சொல் எங்குமே இல்லை. 'பெரிய அசைபோடும் பாலூட்டி' என்று போட்டிருந்தார்கள்.

மனிதர்களிடம் சோதனை எங்கள் சாப்பாட்டுக் கூடத்திலேயே நடந்தது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் கூடத்தின் வாசலில் 'உணவின்போது மௌனம்' என்று பலகை தொங்கும். டாக்டர் விஸ்வேஸ்வரனின் சட்டம் அது. சாப்பிடும்போது பேசினால் அந்த வேளைச் சாப்பாடு அத்தோடு முடிந்தது, தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தானாம். என் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாப்பிடும்போதுதான் பேசவே நேரம் கிடைத்தது என்பதை யாரிடம் சொல்வது? வந்த புதிதில் இரண்டு முறை பாதியில் எழுந்திருக்கிறேன். மூன்றாவது முறை கற்றுக்கொண்டேன்.

பன்னிரண்டு பேர் முன்வந்தார்கள். முதல் எண் டாக்டர் விஸ்வேஸ்வரனே. பேப்பரில் படம் வந்தது. மாலை நாலு மணியானால் அறையைத் தாழிட்டுக்கொண்டு அசைபோடுவார். மற்றவர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடி, தயிர் சாதத்தை மேலே கொண்டுவந்து மெல்லுவார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்போம். மத்தியானத் தொழுவம் மாதிரி இருக்கும். மணி மட்டும்தான் கட்டவில்லை.

ஒன்பதாம் எண் எங்கள் காவலாளி முனிரத்தினம். அவருக்கு மூச்சுவிடுவதும் பேசுவதும் ஒன்று. பேசாமலிருக்கச் சொன்னால் முகம் வீங்கிவிடும். நாலாவது வாரம் அவர் வாய் நிறைய சாம்பார் சாதம். உதடு இரண்டும் மூடியிருந்தது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சிலிருந்து, குடத்துக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"எம்மா அஞ்சுகம், ரசம் எங்க?"

என் கையிலிருந்த பேனா விழுந்தது. முனிரத்தினம் என்னைவிட மிரண்டுபோய்த் தன் நெஞ்சைத் தானே பார்த்துக்கொண்டார்.

இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். குழாய் முழுக்க இப்போது நம் இஷ்டத்துக்கு அசைகிற சதை, அதனால் உள்ளே போன காற்றை அது பேச்சாக மாற்றி மேலே அனுப்புகிறது, இன்னும் சோதிக்க வேண்டும் என்று.

டாக்டர் விஸ்வேஸ்வரன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஏப்பம்மா."

"ரசம் கேட்டாரு சார்."

"ஏப்பம் எப்படி வேணும்னா கேக்கும். ஏப்பத்துக்கெல்லாம் ரெண்டு பக்கமா? 'ஒன்பதாம் எண், ஏப்பம்'னு ஒரு வரி போடு."

போட்டேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது அந்த வரி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

எங்கள் பையை முதலில் வாங்கியது எந்தத் தொழிற்சாலை என்று நினைக்கிறீர்கள்? அம்மா தைக்கும் அதே தொழிற்சாலைதான், தையல் பிரிவில் நானூறு பெண்கள். படிவத்தில் 'விருப்பமுள்ளவர்கள் மட்டும்' என்று போட்டிருந்தது. விருப்பமில்லாதவர்கள் காரணத்தை எழுத வேண்டும் என்றும் போட்டிருந்தது. அம்மா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். "எம்பொண்ணு செஞ்சது. எனக்கு இல்லாததா?" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் சிகிச்சைக்குப் போய்ப் படுத்திருக்கிறாள்.

மறு மாதம் மத்தியானச் சாப்பாட்டு மணியைக் கழற்றிவிட்டார்கள். அதான் பை இருக்கிறதே, தைத்துக்கொண்டே மென்றுகொள்ளலாமே, பிறகு எதற்கு அரை மணி நேரம்?

அம்மா போனில் அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"மணி இல்லாத பன்னண்டர வந்துட்டுப் போயிடுது பாப்பா. கை மட்டும் டிபன் பாக்ஸத் தேடுது."

அந்த அரை மணி நேரம் என்னவென்று எனக்குத் தெரியும். அம்மாவும் அவளோடு தைக்கும் ஷமீமும் ரூத்தும் ஒரு துணி விரித்து மூன்று டப்பாவையும் நடுவில் வைப்பார்கள். எந்தச் சோறு யாருடையது என்று அதன்பிறகு யாருக்கும் தெரியாது. என்னைப் பன்னிரண்டாவதோடு நிறுத்தி தையலுக்கு அனுப்பலாம் என்று அம்மா சொன்னதும் அங்கேதான். "அறிவு கீதா உனக்கு?" என்று ஷமீம் சண்டை போட்டதும் அங்கேதான். ரூத் கல்லூரி விண்ணப்பத்தை எண்ணெய்க் கையோடு நிரப்பியதும் அங்கேதான். நான் பட்டதாரி ஆனதே அந்த அரை மணி நேரத்தில். அதை நான் படித்த படிப்பை வைத்தே கழற்றியிருந்தார்கள்.

மூன்று மாதத்தில் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. தையல் பிரிவில் இனம் தெரியாத பேச்சுச் சத்தம், ஆள் கண்டுபிடிக்க முடியவில்லை, தயவுசெய்து ஆய்வாளர் ஒருவரை அனுப்பவும். டாக்டர் விஸ்வேஸ்வரன் என்னைத்தான் அனுப்பினார். ஊர்க்காரி இல்லையா, பழக்கம்.

சூப்பர்வைசர் தீனதயாளன் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"மேடம், வேல நேரத்துல வாயத் தொறந்து பேசினா எச்சரிக்கைச் சீட்டுன்னு ரூல்ஸ் கீது. யாருக்குக் குடுக்கிறது? ஒருத்தியும் வாயத் தொறக்கல! ஆனா பேசுறாங்க!"

"மெஷின் சத்தமா இருக்கும்."

"மெஷின் எனக்கு வழுக்க விழுந்துச்சுன்னு சொல்லுமா மேடம்? எல்லா மெஷினுக்கும் எண்ணெ விட்டாச்சு. கற்பூரம் சுத்தியாச்சு. ஓதி ஊதியாச்சு. ஃபாதர் வந்து தண்ணி தெளிச்சாரு. அவரு போறப்ப 'செருப்புல நூல் பிரிஞ்சிருக்கு ஃபாதர், குடுத்துட்டுப் போங்க'ன்னு ஒரு குரல்."

கடைசியாக நானூறு பேரையும் வாயில் தண்ணீரை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கன்னம் உப்ப நானூறு பேரும் தைத்திருக்கிறார்கள். பேச்சு நிற்கவில்லை. இன்னும் கணீரென்று கேட்டதாம்.

உள்ளே போனேன். நானூறு தலைகள் குனிந்திருந்தன. நானூறு வாய்கள் மூடியிருந்தன. அந்த மண்டபம் முழுக்க, கிணற்றடியில் கூட்டம் கூடியதுபோல, கனத்த குரலில் அரட்டை நடந்துகொண்டிருந்தது. யாருடைய நாத்தனார் ஓடிப்போனாள், எந்த ரேஷன் கடையில் பருப்பு வந்தது, தீனதயாளன் எந்த எண்ணெய் தடவுகிறார். எல்லாக் குரலும் ஒரே மாதிரி. யாருடையது என்று பெற்ற பிள்ளையாலும் சொல்ல முடியாது.

அம்மாவின் மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை. உதடு அசையவில்லை.

"இன்னா பாப்பா, இளைச்சிப் போயிட்ட?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குறிப்பேட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். "எப்படிம்மா?"

"தானா வந்துச்சு. ஒருநா தீனதயாளன் வந்து கத்துனான். பதில் சொல்லலாம்னா வாயில சோறு. சோத்தோட சேத்து பதிலயும் முழுங்கிட்டேன். பத்து நிமிசம் கழிச்சு சோறு மேல வந்துச்சு. கூடவே பதிலும் வந்துடுச்சு."

"எல்லாருக்குமா?"

"பதில முழுங்குனவங்களுக்கெல்லாம் வந்துச்சு. அப்ப எல்லாருக்கும்தான?" ஊசி கடகடவென்று ஓடியது. "பழகாத ஆளுக்கு அதும்பாட்டுக்கு வரும், நிறுத்த முடியாது. பழகிட்டா நாம சொன்னாத்தான் வரும். ரூத்து பாட்டே பாடுறா."

இரண்டு வரிசை தள்ளி, மூடிய வாயோடு ரூத் கண்ணடித்தாள்.

"இத ஒழுங்கு பண்ண வந்தியா, நிறுத்த வந்தியா?" என்றது அம்மாவின் நெஞ்சு.

"தெரியலம்மா."

"மணிய மாட்டச் சொல்லு. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

திரும்பி வந்து எழுதிக் கொடுத்தேன். இது கோளாறு இல்லை, வளர்த்த சதையின் இயல்பு, ஒன்பதாம் எண்ணிடம் போன வருடமே பார்த்தோம், மத்தியான இடைவேளையைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று. டாக்டர் விஸ்வேஸ்வரன் அதைப் படித்துக் கிழித்தார். கோபமாக எல்லாம் இல்லை, நிதானமாக, நாலாக.

"அடக்கி ஊசி இருக்கே. கீழ்ப்பாதிச் சதையை மரத்துப்போகப் பண்ணிடலாம். சத்தம் போயிடும்."

"அதை ரெண்டு மாட்டுக்குத்தான் சார் போட்டோம். முதல் மாடு மூணு நாள் தண்ணி முழுங்க மறந்துபோச்சு."

"அப்புறம் குடிச்சுதோல்லியோ?"

"ரெண்டாவது?"

"கோசாலைக்கு அனுப்பியாச்சு. சௌக்கியமா இருக்கு. நீ உன் வேலையைப் பாரும்மா."

மறு வாரம் தொழிற்சாலை மேலாளர் ஜோதிபிரகாஷ் நேரில் வந்தார். நானூறு ஊசிக்கான தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் விஸ்வேஸ்வரன் அவரிடம் சொன்னதை நான் அறை வாசலில் நின்று கேட்டேன்.

"எங்க சோதனையிலே ஒருத்தருக்குக்கூட இப்படி வரலை. உங்க பொம்மனாட்டிகள் பழக்கம் அது. ஊசி போட்டா சரியாப் போயிடும். வாங்கோ, சாப்பிட்டுட்டு வந்து கையெழுத்துப் போடலாம்."

நானூறில் ஒன்று என் அம்மாவின் தொண்டை.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். மேலாளருக்கு மௌனச் சட்டத்தை முனிரத்தினம் சைகையிலேயே விளக்கினார். உதட்டில் விரலை வைத்து, தட்டைக் காட்டி, வாசலைக் காட்டினார். மேலாளர் பயந்துபோய்த் தலையாட்டினார். அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பழகாத ஆளுக்கு அதுபாட்டுக்கு வரும். டாக்டர் விஸ்வேஸ்வரன் ஒரு வருடமாகப் பையை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். ஒரு வேளையிலும் பேசியதில்லை. அவரை யாரும் எதுவும் கேட்டதும் இல்லை. விழுங்குகிற மாதிரி ஒரு பதில் அவருக்கு வரவேண்டிய அவசியமே ஏற்பட்டதில்லை.

அவர் ஒரு பெரிய கவளம் தயிர் சாதத்தை வாயில் போடும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து நின்று, சத்தமாக, வாயைத் திறந்து கேட்டேன்.

"சார், அந்த ரெண்டாவது மாடு எங்க?"

மொத்தக் கூடமும் மெல்லுவதை நிறுத்தியது. டாக்டர் விஸ்வேஸ்வரனின் முகம் சிவந்தது. பதில் தொண்டைவரை வந்தது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் தட்டைவிட்டு எழ வேண்டும், அதுவும் விருந்தாளி எதிரில், தன் சட்டத்தைத் தானே உடைத்துவிட்டு. கண்ணாலேயே என்னை வாசலைப் பார்க்கச் சொன்னார். சோற்றையும் பதிலையும் சேர்த்து ஒரே விழுங்காக விழுங்கினார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு மிக மெதுவாக நடந்தேன். கை கழுவினேன். ஒவ்வொரு விரலாகக் கழுவினேன். பத்து நிமிடத்தை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் வராமல் போய்விட்டால் அன்றோடு என் வேலையும் போயிற்று, அம்மாவின் தொண்டையும் போயிற்று.

எனக்குப் பின்னால் குடத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"செத்துப்போச்சு."

திரும்பினேன். டாக்டர் விஸ்வேஸ்வரன் உதட்டை இறுக்கி மூடியிருந்தார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல் இருந்தது.

"ரெண்டாவது மாடு... செத்துப்போச்சு... முழுங்க முடியாம... கோசாலைன்னு சும்மா சொன்னேன்."

அவர் நெஞ்சைக் கையால் அழுத்தினார். அழுத்தினால் காற்று மேலே வரும் என்பதை, உணவுக்குழாயில் முப்பது வருட ஆராய்ச்சி செய்தவர், மறந்துவிட்டார்.

"ஒன்பதாம் நம்பர் போன வருஷமே பேசினான்! ரசம் கேட்டான்! நான்தான் ஏப்பம்னு எழுதச் சொன்னேன்!"

முனிரத்தினம் தன் இடத்திலிருந்து எழுந்து நின்று கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் வாய் திறக்கவில்லை. நெஞ்சு மட்டும் சொன்னது: "அன்னிக்கு ரசம் தரவே இல்ல சார்."

டாக்டர் விஸ்வேஸ்வரன் கடைசிவரை பேசவில்லை. சட்டம் உடையவில்லை. முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தார். அதுவரை அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. யார் யாருக்குப் பதவி உயர்வு தடுத்தார், மாட்டுத்தொட்டி பக்கம் போனாலே தனக்கு மயக்கம் வரும், மீன் வறுவல் வாசனை ரொம்பப் பிடிக்கும், எல்லாம் வந்தது.

மேலாளர் ஜோதிபிரகாஷ் கையெழுத்துப் போடவில்லை. மனசாட்சி எல்லாம் ஒன்றுமில்லை. காரில் ஏறும்போது என்னிடம் சொன்னார்.

"மாடு செத்ததுக்கு வருத்தம்தாம்மா. பொம்பள செத்தா கேஸாகும். மணியவே மாட்டிடலாம்னு சொல்லிடறேன்."

எனக்கு மறுநாள் ஒரு குறிப்பாணை வந்தது. மாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. உணவுக் கூடத்தில் பேசியதற்காக என்று இருந்தது. டாக்டர் விஸ்வேஸ்வரன் நீண்ட விடுப்பில் போனார். ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. என் பெயர் அதில் நன்றி சொல்லும் இடத்தில் இருக்கிறது, 'மாதிரிகள் கொண்டுவந்தவர்' என்று. ஐஸ் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்டால் தர மாட்டேன்.

மணியை மாட்டி இரண்டு வாரம் கழித்து ஆம்பூர் போனேன். அறிவிப்புப் பலகையில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: 'குரல் வெளியேற்ற இடைவேளை, 12.30 முதல் 1.00 வரை. ஊழியர்கள் உள்ளே தேங்கியிருக்கும் பேச்சு முழுவதையும் இந்நேரத்தில் வெளியேற்றிவிடக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' சாப்பாட்டு இடைவேளை என்று போட்டால் பை தோற்றதாகிவிடுமாம்.

மணி அடித்தது. நானூறு பேரும் வந்து துணி விரித்தார்கள். டப்பாக்கள் திறந்தன. அம்மா மொச்சைக் குழம்பை ஷமீம் பக்கம் தள்ளினாள். ஷமீம் ஒரு துண்டுக் கறியை ரூத் சோற்றில் வைத்தாள். ரூத் எனக்கும் ஒரு கை பிசைந்து கொடுத்தாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாலும் இல்லை, நெஞ்சாலும் இல்லை. நானூறு பேர் கையால் அள்ளி, வாய் நிறைய மென்று, ஒருமுறை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. ஊசியைப் போட்டுவிட்டார்களா?

தீனதயாளன் காதைத் தீட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தார். பிறகு திருப்தியாகப் பதிவேட்டில் எழுதினார்: 'குரல் முழுவதும் வெளியேறியது.'

மணி மறுபடி அடித்தது. நானூறு பேரும் கை கழுவி மெஷினில் உட்கார்ந்தார்கள். வாயை மூடினார்கள். ஊசிகள் ஓட ஆரம்பித்தன. அடுத்த நொடி கிணற்றடி கூடியது. நாத்தனார், ரேஷன் கடை, தீனதயாளனின் வழுக்கை.

நான் அம்மாவின் காதருகே குனிந்தேன். "பேசறதுக்குத்தான அரை மணி நேரம் வாங்கிக் குடுத்தேன்? ஏம்மா யாருமே பேசல?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உதட்டை மூடிக்கொண்டாள்.

"சாப்பிடற நேரத்துல எதுக்குடி பேச்சு? அதுக்குத்தான் வேல நேரம் கீதே."